சுவரில் ஒட்டிய நேரம்

ஒரு கையில் மஞ்சள் பை. அதற்குள் கனமாக ஒரு புத்தகம். இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை. பழவங்காடி பிள்ளையார் கோயில் முக்கில் பஸ்ஸைப் பிடித்து ஏறிவிட்டேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேட்டா, ஆர்க்கா தோசை?"

யாருக்கு அண்ணே தோசை என்று கேட்கிறார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தோசைத்திருப்பி! ஹோட்டலில் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தவன், அப்படியே பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். இடுப்பில் துண்டு வேறு. துண்டில் மாவு.

சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்கிற நிலையில் நான் இல்லை. மணி இரண்டேகால். மூன்று மணிக்குள் அந்த மஞ்சள் பை என் மகளின் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

பையில் இருந்தது என்ன?

பிள்ளைகளே, என் மகள் இசக்கியைப் பற்றிப் போன வாரங்களில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன். திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். வீடு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். என் மனைவி பார்வதி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், இசக்கி. இது அவள் கல்லூரியில் மூன்றாவது வருஷம் படித்தபோது நடந்தது.

மூன்றாவது வருஷம் எல்லாப் பிள்ளைகளும் ஒரு ஆய்வு செய்து, புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு 'ப்ராஜக்ட்' என்று பெயர். அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி கடைசி நேரம் என்று வீட்டில் நூறு தடவை பேச்சு நடந்திருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

அன்று சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, சாயங்காலத் தோசைக்காகக் கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கல்லாவில் இருக்கிற கேஷியர் அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், காலைல உங்க பொண்ணு வந்துச்சுல்லா, ஒரு பையை இங்கனயே விட்டுட்டுப் போயிருக்கு. இப்பத்தான் கண்ணுல பட்டுது."

பிரித்துப் பார்த்தேன். நீல அட்டை போட்ட புத்தகம். அட்டையில் ஆங்கிலத்தில் என்னென்னவோ. கீழே என் மகளின் பெயர் மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. இசக்கிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். இன்னொரு தடவை போட்டேன். அதே பதில்.

அப்புறம் நான் யோசிக்கவில்லை. ஓடினேன்.

ஏன் அப்படி ஓடினேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், இசக்கியின் கால அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு கலர் பேனா

இசக்கிக்குக் கால அட்டவணை போடுவது என்றால் அவ்வளவு ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவாள். பெரிய வெள்ளைத்தாள், அடிஸ்கேல், ஆறு கலர் பேனா. படிப்புக்குப் பச்சை, எழுத்துக்கு ஊதா, உறக்கத்துக்கு நீலம், சாப்பாட்டுக்கு ஆரஞ்சு. கட்டம் கட்டமாக, பார்க்கக் கோலம் மாதிரி இருக்கும். முடிக்கிறபோது சாயங்காலம் ஆகியிருக்கும். தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்ப்பாள்.

"எப்படி அப்பா?"

"அம்சமா இருக்கு மக்கா."

"நாளை முதல் நான் வேற ஆளாக்கும், நோக்கிக்கோங்க."

மறுநாளும் அதே ஆள்தான். இரண்டு வாரத்தில் அந்தத் தாள் மங்கிப்போகும். உடனே புதுத் தாள் வாங்குவாள்.

எழுதுவதும் அப்படித்தான். நிறைய எழுதுவாள். எழுதுகிற விஷயத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் நேரமாகும். ஒரு தடவை, நகரத்தில் பஸ் வசதி என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். இவள் ஆதிமனிதன் சக்கரம் கண்டுபிடித்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் முதல் இரண்டு பக்கத்தையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, மூன்றாம் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்திருந்தார். இங்கிருந்துதான் உன் கட்டுரை தொடங்குகிறது என்று அர்த்தமாம்.

பார்வதி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்புக்குப் போகதுக்கு நாம சக்கரத்தையும் கண்டுபிடிச்சுட்டா போகணும்?"

"அம்மைக்கு எல்லாம் தமாசாக்கும்."

இசக்கி படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். கல்லூரியில் எழுதுவது ஆங்கிலம். தமிழ் எழுத்து, பார்வதி வாங்குகிற வாரப் பத்திரிகையைப் பார்த்துத் தானாகப் படித்தது. மலையாளம் எழுதிப் பழகிய கை என்பதால் தமிழும் உருண்டை உருண்டையாகத்தான் வரும். பேச்சும் கலந்துதான் வரும். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுதப் படிக்க எனக்கு ஒரு மொழிதான் தெரியும், அவளுக்கு மூன்று.

பத்து நிமிஷம்

இரண்டாவது வருஷத்தில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது. எழுதியும் முடித்துவிட்டாள். கடைசி நாள் காலையில் முகப்புத் தாளுக்குக் கரையில் பூவேலை போட உட்கார்ந்தாள். நாலு மூலைக்கும் நாலு செம்பருத்தி. மூன்று பூ முடிந்து நாலாவது பூ போடுகிறபோது பஸ் போய்விட்டது.

பத்து நிமிஷம்தான் தாமதம். டீச்சர் வாங்கவில்லை.

அன்று அவள் ஹோட்டலுக்கு வந்தாள். பின்பக்கம் தேங்காய் துருவுகிற இடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த முகப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெய் ரோஸ்ட் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. நெய் உறைந்து வெள்ளையாகிவிட்டது. என் தோசை அப்படி ஆறிப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"டீச்சர் என்னடா சொன்னாங்க?"

"'ப்ராஜக்ட்டுக்கு இதுபோலே தாமசிச்சா, அடுத்த கொல்லம் ஜூனியர்ஸின்றெ கூடே இரிக்காம்'னு பறஞ்சாங்க அப்பா."

அடுத்த வருஷம் உனக்குக் கீழே படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதலாம் என்று அர்த்தம். டீச்சர் கோபமாகச் சொல்லவில்லையாம், சாதாரணமாகத்தான் சொன்னாராம். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு பயம்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் தோசைத்திருப்பியோடு ஓடினேன் என்று?

பிள்ளையாரும் ஏழு மணி பஸ்ஸும்

மூன்றாவது வருஷ ப்ராஜக்ட்டுக்கு இசக்கி எடுத்துக்கொண்ட விஷயம், பொன்முடி மலையில் தேயிலை பறிக்கிற பெண்களின் ஒரு நாள். அங்கே லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய எஸ்டேட் வீடுகளில், சரோஜா இருக்கிறார். பார்வதிக்கு ஊர்க்காரர். இசக்கிக்குப் பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுவோம்.

கேள்விகளைத் தயாரிப்பதற்கே ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு கேள்வி. அச்சடித்து வைத்திருந்தாள். எஸ்டேட்டில் ஞாயிறு லீவு. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அன்று போகலாம் என்று முடிவு செய்தோம். எனக்கும் அந்த ஞாயிறு முறை லீவு. கல்லூரியில் அந்தப் பக்கமெல்லாம் பெண்பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்றார்கள் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டாள். எனக்கு மலை பார்க்க ஆசை என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் தப்பு செய்தது நான்.

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் தொடங்க மாட்டோம். மிஷின் வாங்கினாலும் தேங்காய், பரீட்சை என்றாலும் தேங்காய். "ஒரு நிமிஷம் மக்கா, உடைச்சுட்டு ஓடி வந்துருதேன்" என்று வரிசையில் நின்றேன். அன்று ஏதோ விசேஷம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வேறு. எனக்கு முன்னால் ஒருவர் நூற்றியெட்டுத் தேங்காய் மூட்டையோடு நிற்கிறார். அவர் ஒவ்வொன்றாக உடைக்கிறார். சிதறிய தேங்காய்த் தண்ணீர் என் வேட்டியில் எல்லாம் தெறிக்கிறது. நான் நகர முடியுமா?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போனபோது ஏழு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். இசக்கி நாற்பத்திரண்டு கேள்வியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடிவாரத்து ஊரான வித்துராவைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கியது பஸ். அந்தப் பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஏழாவது வளைவில் எதிரே இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட எங்கள் பஸ் பின்னால் போனது. இரண்டு பஸ்ஸும் ஜன்னலோடு ஜன்னல் உரசுகிற மாதிரி நின்றன. எதிர் பஸ் முழுக்கப் பெண்கள். பூ, பவுடர், கையில் பெரிய பெரிய பைகள்.

"பெரியம்மா!" என்று இசக்கி அலறினாள்.

அந்த ஜன்னலில் சரோஜா!

"ஏட்டி இசக்கி! வெள்ளனையே வருவேன்னு சொன்னியே! இருந்து இருந்து பாத்துட்டு இப்பத்தான் பஸ் ஏறுனோம். ஞாயித்துக்கிழமைதானட்டி நாங்க வித்துராவுக்குச் சாமான் வாங்கப் போக முடியும். இதை விட்டா சாயங்காலந்தான் பஸ்ஸு!"

லீவு நாள் என்றால் வீட்டில் இருப்பார்கள் என்று நகரத்தில் இருக்கிற நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவர்களுக்கு வெளியே போக இருக்கிறதே அந்த ஒரு நாள்தான் என்பது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

இசக்கி சட்டென்று தாளை எடுத்தாள். ஜன்னல் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்துக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தாள்.

"பெரியம்மா, தங்களுடைய குடும்பத்தின் சமூகப் பொருளாதாரப் பின்புலம் குறித்தும், அது தங்கள் அன்றாட நேரப் பயன்பாட்டில் ஏற்படுத்தும் தாக்கம் குறித்தும்..."

எதிர் பஸ்ஸில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மக்கா, நீ கேள்வியைப் படிச்சு முடிக்கதுக்குள்ள நான் சந்தைக்குப் போயி அரிசி வாங்கிட்டு வந்துருவேன்!" என்றார் சரோஜா. பஸ் புறப்பட்டது.

நாங்கள் மேலே போய், பூட்டிய வீடுகளையும் கொடியில் காய்கிற துணிகளையும் பார்த்தோம். ஒரு நாய் எங்களோடு சிநேகமாகி, கொண்டு போன இட்லியைத் தின்றது. மூன்றரை மணி பஸ்ஸில் இறங்கினோம். நாற்பத்திரண்டு கேள்வி, ஒரு பதில்கூட இல்லை. கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்கு அடுத்த ஞாயிறு லீவு இரண்டு வாரம் கழித்துத்தான்.

பார்வதியின் பென்சில்

மறுநாள் இசக்கி என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? புதுத் தாள் வாங்கி வந்து புதுக் கால அட்டவணை போட்டாள். ஏழாவது கலர் பேனாவும் வாங்கியிருந்தாள்.

பார்வதிக்கு அளவு குறிப்பதற்காகக் காதில் செருகிய ஒரு குட்டைப் பென்சில் எப்போதும் இருக்கும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, அந்தக் கலர் கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள்.

ஐந்து முதல் ஆறு வரை, படிப்பு. பக்கத்தில் பென்சிலில்: உறக்கம்.

ஆறு முதல் ஏழு வரை, எழுத்து. பென்சிலில்: உறக்கம், பிறகு தலை சீவல்.

நாலரை முதல் ஆறு வரை, ப்ராஜக்ட். பென்சிலில்: கூட்டுக்காரியோடு போன் பேச்சு.

இசக்கி கல்லூரி விட்டு வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா! எதுக்கு இதில எழுதி நாசமாக்கினீங்க?"

"நாசமாக்குதேனா? நடந்ததைத்தானட்டி எழுதிருக்கேன். பொய்யின்னா அழிச்சுக்கோ. ரப்பர் தாறேன்."

இசக்கி ரப்பரை வாங்கினாள். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் மெதுவாக எட்டிப் பார்த்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள்!

"அப்பா, இது வாசிச்சா எனக்கே இந்தப் பெண்ணை அறியலாம். கலர்ல இருக்கிறது வேற யாரோ. பென்சில்ல இருக்கிறதுதான் நான்."

அன்றோடு அவள் நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று எழுதுவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம், அன்றைக்கு என்ன செய்தாள் என்பதை மட்டும் பென்சிலால் எழுதி ஒட்டினாள். அழகெல்லாம் கிடையாது. கோணல்மாணலான கட்டம். பார்வதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினாள். எனக்கும் ஒன்று கேட்டாள்.

"என் நேரம் எனக்குத் தெரியும். காலைல அஞ்சு மணிக்குக் கல்லு, சாயங்காலம் மூன்றரைக்குக் கல்லு. இருபத்தாறு வருஷமா ஒரு நிமிஷம் பிந்தினதில்லை. எனக்கு எதுக்குச் சுவரு?" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவள் கண்டுபிடித்ததைச் சொன்னாள்.

"ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் மதி, அது போதும்னு நினைச்சிருந்தேன் அப்பா. சுவர்ல பார்த்தா ரெண்டேகால் மணி நேரம் ஆகுது. அதாக்கும் எல்லாத்துக்கும் தாமசம். நான் மடிச்சி இல்லை. கணக்கு தப்பு."

மடிச்சி என்றால் சோம்பேறி. அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை நாளாக மனசில் வைத்துக்கொண்டிருந்தாளோ, சொன்னபோது கண் பளபளத்தது. காலண்டரை எடுத்துக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். எழுத வேண்டிய பக்கம் எத்தனை, ஒரு பக்கத்துக்கு இரண்டேகால் மணி, அப்படியென்றால் எப்போது தொடங்க வேண்டும்? போன வாரமே! உடனே உட்கார்ந்துவிட்டாள். காலை உறக்கத்தைக் குறைக்க முடியாது என்று சுவர் சொல்லிவிட்டது. அதனால் மத்தியானம் கல்லூரி நூலகத்தில் ஒரு மணி, வீட்டுக்கு வந்து டீ குடித்த கையோடு ஒரு மணி. கூட்டுக்காரிக்கு ஏழு மணிக்கு மேல்தான் போன்.

நேற்று என்ன செய்தீர்கள்?

அடுத்த பயணத்துக்கு விடிவதற்கு முன் கிளம்பினோம். பழவங்காடி முக்கில் என் கால் தானாகக் கோயில் பக்கம் திரும்பியது. இசக்கி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, பிள்ளையார் எங்கயும் போக மாட்டார். பஸ் போயிரும். திரும்பி வரும்போ உடைக்கலாம்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன். பிள்ளையார் கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

லயத்துக்குப் போனபோது சரோஜா தலை துவட்டிக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் நாலைந்து பெண்கள், கருப்பட்டிக் காப்பி, கூரையிலிருந்து சொட்டுகிற பனி.

"கேள்வித்தாள் கொண்டாந்திருக்கியாட்டி?" என்று சரோஜா சிரித்தார்.

"இல்லை பெரியம்மா. ஒரே ஒரு கேள்விதான். நேத்து காலைல எழுந்ததுலேருந்து உறங்குறது வரைக்கும் என்னெல்லாம் செஞ்சீங்க?"

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரிப் பேச்சு. ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் இடையில் புகுந்து, "பொய் சொல்லாத, நேத்து நீ அஞ்சு மணிக்கு எங்க எந்திரிச்ச? நாந்தான கதவைத் தட்டுனேன்" என்கிறார். கொழுந்து பறித்தது, எடை போட வரிசையில் நின்றது, அட்டை கடித்தது, தண்ணீர் பிடித்தது எல்லாம் வந்தது. பஸ் நேரம் வந்ததும் இசக்கி நோட்டோடு அவர்கள் கூடவே ஏறிவிட்டாள். இருபத்திரண்டு வளைவும் பேச்சுதான். வித்துரா சந்தையில் அவர்கள் வெங்காயம் பொறுக்க, இவள் எழுத, நான் எல்லாருடைய பையையும் சுமக்க, அப்படியே மத்தியானம் ஆயிற்று.

பிரிகிறபோது சரோஜா கேட்டார். "எங்க கதையை எழுதுனதும் எங்களுக்கு வாசிக்கத் தருவியாட்டி?"

"தாறேன் பெரியம்மா."

"அவ இங்கிலீஷ்லல்லா எழுதுவா மதினி, நாம எங்க வாசிக்க?" என்று நான் சொன்னேன்.

"அப்ப நல்லதா எழுதிருக்கியா, கெட்டதா எழுதிருக்கியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

இசக்கி நோட்டைத் திறந்து அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டாள். அன்று திரும்பி வந்து தேங்காய் உடைத்தோம். ஒரே அடியில் உடைந்தது.

மறுபடியும் பஸ்

சரி, தோசைத்திருப்பியோடு என்னை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தோம். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஊர்வலம். பஸ் நின்றுவிட்டது. இந்த ஊரில் ஊர்வலம் இல்லாத நாளாகப் பார்த்து அவசரப்பட வேண்டும். இறங்கி ஓடினேன். கொடி பிடித்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு, ஹோட்டல்காரர்களும் போராட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கல்லூரி மாடியில் அவள் துறையைக் கண்டுபிடித்து, மூச்சு வாங்க நின்றபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம். வாசலில் பியூன் உட்கார்ந்திருந்தார். பையை நீட்டினேன். "இசக்கி... ப்ராஜக்ட்..."

அவர் ஒரு நோட்டைப் பிரித்துப் பார்த்தார். "இசக்கியோ? ஆ குட்டி புதனாழ்ச்ச தன்னே தந்நல்லோ!"

புதன்கிழமையே கொடுத்துவிட்டாளாம்.

"அப்போ இது?" என்று பையைக் காட்டினேன். எனக்குத் தெரியாது என்று தோளைக் குலுக்கினார். இசக்கி உள்ளே ஒரு பரீட்சையில் இருக்கிறாளாம், அதனால்தான் போன் இல்லை. நாலு மணிக்கு வருவாள் என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். தோசைத்திருப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் முறையாக அந்த நீல அட்டையைத் திறந்தேன்.

உள்ளே தமிழ்! கையால் எழுதியது. உருண்டை உருண்டையான எழுத்து. இப்படித் தொடங்கியது:

'சரோஜா சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு எழுந்தார். அன்று அவர் முதல் தடவையாக உட்கார்ந்தது மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, ஒரு பாறையின் மேல்.'

சக்கரம் இல்லை. ஆதிமனிதன் இல்லை. நேராக லயத்து வாசலில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டாள். அடுத்த வரியை வாசித்தேன். அதற்கடுத்த வரியை வாசித்தேன். கருப்பட்டிக் காப்பி மணந்தது. அந்தப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்ததுகூட அப்படியே இருந்தது. ஏழாவது வளைவில் இரண்டு பஸ் நின்றது இருந்தது. தேங்காய் உடைக்கப் போய் பஸ்ஸை விட்ட ஒரு தோசை மாஸ்டரும் இருந்தார். பெயர் போடவில்லை, நல்லவேளை.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் நான் வாசித்தது அன்றைக்குத்தான்.

"அப்பா? இங்கே எந்தாக்கும்?"

நிமிர்ந்தேன். இசக்கி. மணி நாலு.

"நீ பையை மறந்துட்டுப் போயிட்டேன்னு..."

"மறக்கலை அப்பா! வேலை முடிஞ்சதும் அப்பா கையில குடுங்கன்னு கேஷியர் மாமன்கிட்ட பறஞ்சேனே. பெரியம்மாவுக்கு எழுதினது. அப்பா முதல்ல வாசிச்சுப் பார்க்கட்டும்னு வெச்சேன். அட்டை ஒண்ணு மிச்சம் இருந்தது, அதைப் போட்டேன்."

"புதன்கிழமையே குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சுவர்ல எழுதியிருக்கேனே! 'புதன், பதினொண்ணு இருபது, கொடுத்தாச்சு'ன்னு. அம்மா அப்பவே வாசிச்சாச்சு. அப்பாதான் அந்தப் பக்கம் நோக்கவே மாட்டீங்க."

அவள் கண் என் பக்கத்தில் இருந்த தோசைத்திருப்பியின் மேல் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. கல் குளிர்ந்து கிடந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் பிந்திய முதல் நாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கேஷியர் அண்ணாச்சிதான் தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னுச்சு மாஸ்டர், நாந்தான் மறந்துட்டேன்" என்றார்.

நீலப் புத்தகம் இப்போது பொன்முடியில் சரோஜா வீட்டில் இருக்கிறது. "நான் சண்டை போட்டதையும் எழுதிட்டாளே" என்று ஒரு பெண்ணுக்கு வருத்தமாம். ஆனாலும் அவரே அதை மூன்று தடவை வாசித்தாராம்.

இந்தத் தொடரை எழுத உட்கார்ந்தபோது நானும் எங்கள் ஊர் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்துதான் ஆரம்பித்தேன், பிள்ளைகளே. இசக்கி வாசித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். சிவப்பு மையால் அல்ல, பென்சிலால்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவருக்குப் பக்கத்தில் போனேன். பார்வதி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலிருந்து பென்சிலை உருவினேன். "என்ன வேணும்?" என்றாள். இருவருடைய கட்டத்துக்கும் கீழே ஸ்கேல் இல்லாமலே எனக்கு ஒரு கட்டம் போட்டேன். கோணலாக வந்தது. உள்ளே எழுதினேன்:

மூன்று முதல் நாலு வரை, படிப்பு.

பார்வதி எழுந்து வந்து பார்த்தாள். ரப்பரை நீட்டவில்லை.